பெயர்த்தகடு இழந்த பழைய பம்பு மோட்டார்கள்

கிணற்று நீர் இறைக்கும் பழைய மோட்டார்கள் பலவற்றில் பெயர்த்தகடு எழுத்தழிந்தோ, கழன்று தொலைந்தோ போயிருக்கக் காணலாம். அம்மாதிரியைச் செய்த கம்பெனியும் அதைக் கைவிட்டிருப்பின், கேட்டறிய இடமில்லை. எனினும் மோட்டாரைக் கொண்டே முக்கிய விவரங்களை அறியக்கூடும்.

1. வேகம்: நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சியுடையது. ஆகவே 6,000-ஐத் துருவங்களின் தொகையால் வகுத்தால் நிமிஷச் சுற்று கிடைக்கும். 4 துருவங்களாயின் 1,500. பளுவில் ஏறக்குறைய 1,440. 2 துருவங்களாயின் 3,000. பளுவில் சுமார் 2,880. இதில் தவறினால் நஷ்டம் பெரிது. மையவிலக்குப் பம்பு இருமடங்கு வேகத்தில் ஓடுமாயின் சுமார் எட்டு மடங்கு சக்தியைக் கேட்கும். மோட்டார் கருகிப்போக அதுவே ஏதுவாகும்.

2. சக்தி: 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் ஒரு குதிரைசக்திக்குச் சுமார் 1½ ஆம்பியர் செல்லும். முழுப் பளுவில் 7½ ஆம்பியர் காட்டுவது 5 குதிரைசக்தி எனக் கொள்ளலாம். மோட்டார் நன்றாக ஓடும்போதே மின்தொழிலாளியைக் கொண்டு அளந்து வைத்தல் நலம்.

3. அளவுகள்: அச்சின் குறுக்களவு, பாதத்திலிருந்து அச்சின் மையம் வரை உயரம், போல்ட்டுத் துளைகளின் இடைவெளி ஆகியவை மாற்று மோட்டார் பொருந்துவதற்கு அவசியம்.

காயில் கட்டக் கொடுப்போர், பழைய கம்பியை அறுத்தெறியுமுன் கம்பியின் கேஜ், சுற்றுக்களின் எண்ணிக்கை, ஸ்டார் அல்லது டெல்டா இணைப்பு இவற்றை எழுதி வாங்கவேண்டும். நிலத்துக்குப் பட்டா எப்படியோ, பழைய மோட்டாருக்கு இக்குறிப்பு அப்படியே.