பகலில் சாதாக் கல், இரவில் நீல வெளிச்சம்

மினரல் கலெக்டர்கள் ரொம்ப விரும்பி வாங்கும் ஒரு கல் இருக்கிறது. வெள்ளைக் கால்சைட் மேல, கறுப்பா மெட்டல் மாதிரி பளபளக்கும் எட்டுமுகப் படிகங்கள் ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்புப் படிகத்துக்கு ஃபிராங்க்ளினைட்னு பேர். துத்தநாகம், இரும்பு, மாங்கனீஸ் சேர்ந்த ஆக்சைடு அது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஃபிராங்க்ளின் என்ற ஊர்தான் இதன் பிறப்பிடம். ரூம் லைட்டை அணைச்சுட்டு ஷார்ட்வேவ் யூவி லேம்ப்பை அடிச்சா, வெள்ளையா இருந்த கால்சைட் தணல் மாதிரி சிவப்பா ஒளிரும். மேல இருக்கும் மெட்டாலிக் படிகங்கள் மட்டும் கரி மாதிரி இருட்டாவே நிற்கும்.

ஷோகேஸ்ல வைக்க அழகா இருக்கும், சரி. ஆனா இதே வித்தையை வைத்துத்தான் பூமியில் டங்ஸ்டன் எங்கே இருக்குன்னு தேடுறாங்க. மதுரை மாவட்டம் மேலூரை 2024-ல் தலைப்புச் செய்தியாக்கிய விஷயமும் இப்படி ஒளிரும் கல்தான். அதனால கொஞ்சம் பொறுமையா பார்ப்போம்.

ஒன்று ஒளிருது, இன்னொன்று ஏன் ஒளிரல?

பழைய ட்யூப்லைட்டை எடுத்துக்கோங்க. உள்ளே இருக்கும் பாதரச ஆவி 254 நானோமீட்டர் யூவியை வெளிவிடுது. கண்ணாடிக்கு உள்பக்கம் பூசிய வெள்ளைப் பவுடர் அதை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமா மாத்தித் தருது. கல்லிலும் நடப்பது இதேதான். யூவி ஃபோட்டான் எலெக்ட்ரானை மேல தூக்குது. அது கொஞ்சம் எனர்ஜியை வெப்பமா இழந்துட்டு, மீதியை வெளிச்சமா விட்டுக் கீழ இறங்குது. எனர்ஜி குறைஞ்சதால அலைநீளம் கூடுது. கண்ணுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரியுது. 1852-ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இதுக்கு ஃப்ளோரசன்ஸ்னு பேர் வைத்தார். ஃப்ளோரைட் என்ற கனிமத்தின் பேரிலிருந்து எடுத்தது அது.

சுத்தமான கால்சைட் இப்படிச் சிவப்பா ஒளிராது. கால்சியம் உட்கார வேண்டிய இடத்தில் கொஞ்சம் மாங்கனீஸ் போய் உட்காரணும். ஃபிராங்க்ளின் கால்சைட்டில் கூடவே துளி ஈயமும் இருக்கும். ஈயம் யூவியை வாங்கி மாங்கனீஸிடம் தள்ளிவிடுது, மாங்கனீஸ் சிவப்பா வெளியிடுது. இசிஇ நண்பர்களுக்கு இது புதுசில்ல. சிலிக்கானில் நாம பண்ற டோப்பிங்கை இங்கே பூமியே பண்ணி வைத்திருக்கு.

இரும்பு இதுக்கு நேரெதிர். அது வாங்கிய எனர்ஜியை வெளிச்சமா விடாம வெப்பமா கரைச்சுடும். ஃபிராங்க்ளினைட்டில் இரும்பு நிறைய. அதனாலதான் அது இருட்டா நிற்குது.

ஷீலைட்: டோப்பிங் தேவைப்படாத கல்

இப்போ நம்ம கதாநாயகன். ஷீலைட் என்றால் கால்சியம் டங்ஸ்டேட். பகல் வெளிச்சத்தில் இதைப் பார்த்தா ஒன்னுமே தோணாது. வெள்ளையா, இல்லைன்னா லேசான மஞ்சளா, பக்கத்தில் இருக்கும் குவார்ட்ஸ் மாதிரியே இருக்கும். கையில் எடுத்தா மட்டும் சந்தேகம் வரும். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, ஷீலைட்டுக்குச் சுமார் 6. அதே சைஸ் கல், ரெண்டு மடங்குக்கு மேல கனம்.

ஷார்ட்வேவ் யூவி பட்டா ஷீலைட் பளிச்சுனு நீல வெள்ளையா ஒளிரும். இதுக்கு வெளியிலிருந்து எந்தக் கலப்பும் தேவையில்ல. டங்ஸ்டனும் ஆக்சிஜனும் சேர்ந்த அந்தத் தொகுதியே ஒளிரும். டங்ஸ்டன் இடத்தில் மாலிப்டினம் நுழைஞ்சா நிறம் மஞ்சள் பக்கம் நகரும். அதனால நிறத்தைப் பார்த்தே எவ்வளவு கலப்புன்னு ஓரளவு ஊகிக்கலாம். 1896-ல் எடிசன் தன் எக்ஸ்ரே திரைக்குத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கால்சியம் டங்ஸ்டேட்தான்.

அதனால ஷீலைட் தேடும் ஜியாலஜிஸ்டுக்கு இரவு ஷிஃப்ட் உண்டு. இருட்டின பிறகு லேம்ப்போடு பாறைமேல் நடந்து, நீலமா தெரியும் இடத்தில் குறி போட்டு, பகலில் வந்து சாம்பிள் எடுப்பாங்க. வேற சில கனிமங்களும் நீலமா ஒளிரும் என்பதால், கடைசித் தீர்ப்பு லேபில்தான்.

பங்காருப்பேட்டையில் ட்ரெயின் மாறினால்

அம்பத்தூர், ஆவடி ஸ்டேஷன்களைத் தாண்டி ஓடும் பெங்களூரு ட்ரெயின்கள் காட்பாடி, ஜோலார்பேட்டை வழியா பங்காருப்பேட்டைக்குப் போகுது. அங்கிருந்து பிரியும் கிளைப் பாதைதான் கோலார் தங்கவயலுக்கு. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையா உழைச்ச சுரங்கம் அது. சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கினாங்க. 2001 பிப்ரவரி 28-ல் மூடினாங்க.

கேஜிஎஃப் என்றாலே எல்லாருக்கும் தங்கம்தான் ஞாபகம் வரும். ஆனா தங்கம் இருந்த அதே குவார்ட்ஸ் ரீஃப்களில் ஷீலைட்டும் இருந்தது. தங்கத்தைப் பிரிச்சு எடுத்தபிறகு மிஞ்சிய மண், சயனைடு மேடுன்னு ஊரைச் சுற்றி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. அதிலிருந்தும் பின்னாளில் ஷீலைட் எடுத்தாங்க. அங்கே மெட்டாலிக்கா மின்னியது தங்கம். அது யூவியில் ஒளிராது. யாரும் கண்டுக்காத வெள்ளைக் கல்தான் ஒளிரும்.

லேத் ஷாப்பில் இருக்கும் டங்ஸ்டன்

டங்ஸ்டன் நமக்கு அந்நியமில்ல. உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ், உலோகங்களிலேயே அதிகம். அடர்த்தி 19.3, கிட்டத்தட்ட தங்கத்துக்குச் சமம். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த சிஎன்சி ஷாப்புக்குள்ள போனாலும் டூலின் நுனியில் இருக்கும் கார்பைடு இன்சர்ட் டங்ஸ்டன் கார்பைடுதான். டிக் வெல்டிங் எலெக்ட்ரோடும் அதுதான். ஆவடியில் டாங்கி தயாராகுது. டாங்கியிலிருந்து சுடும் கவசம் துளைக்கும் குண்டின் டங்ஸ்டன் அம்பு திருச்சியில் தயாராகுது. இந்த உலோகத்துக்கு இந்தியா பெரும்பாலும் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கு. அரசு இதை முக்கியக் கனிமங்கள் பட்டியலில் வைத்திருப்பதும் அதனாலதான்.

மேலூர் சொன்ன பாடம்

மேலூர் வட்டாரத்தில் ஜிஎஸ்ஐ ஆய்வு செய்து கண்டறிந்ததும் ஷீலைட்தான். அதை வைத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக் என்ற பேரில் சுமார் 2,015 ஹெக்டேர் ஏலத்துக்கு வந்தது. 2024 நவம்பரில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வந்தது.

அந்த வரைபடத்துக்குள்ள அரிட்டாபட்டியும் இருந்தது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. தமிழி கல்வெட்டு, சமணப் படுக்கை, குடைவரைக் கோயில், ஏரிகள், அவற்றை நம்பிய வயல்கள் எல்லாம் அங்கே இருக்கு. சுற்றியுள்ள கிராமங்கள் போராட்டத்தில் இறங்கின. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் திரண்டு பேரணியா வந்தாங்க. ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இதில் நாம எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது அவங்கவங்க முடிவு. கார்பைடு டூல் இல்லாம நம்ம தொழில் ஓடாது என்பதும் நிஜம், ஒருமுறை வெட்டிய குன்று திரும்ப வளராது என்பதும் நிஜம். ஒரு விஷயம் மட்டும் டெக்னிக்கலா தெளிவு. யூவி லேம்ப் "இங்கே டங்ஸ்டன் இருக்கு" என்று சொல்லும். எவ்வளவு ஆழம், எத்தனை டன், எடுத்தா கட்டுப்படியாகுமா என்பதற்கு ட்ரில்லிங்கும் லேபும் வேணும். அந்தக் கல்லுக்கு மேல யார் வாழ்றாங்க என்பதை எந்த லேம்ப்பும் காட்டாது. அந்தக் கேள்வியை இன்ஜினியர்தான் கேட்கணும், அதுவும் வரைபடத்தில் கோடு போடுறதுக்கு முன்னாடி.

நீங்களும் பார்க்க ஆசையா?

நோட்டு செக் பண்ணும் மலிவான யூவி டார்ச் பெரும்பாலும் 365 அல்லது 395 நானோமீட்டர். அதை அடிச்சா ரூபாய் நோட்டில் இருக்கும் இழைகளும் டானிக் வாட்டரும் ஒளிரும், ஷீலைட் ஒளிராது. அதுக்கு 254 வேணும். அது கண்ணையும் தோலையும் எரிச்சிடும். அதனால பாலிகார்பனேட் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாம ஆன் பண்ணாதீங்க. லேம்ப்பை நேராப் பார்க்கவே கூடாது.

கனிமங்கள் பார்க்கணும்னா எழும்பூர் அருங்காட்சியகத்தின் புவியியல் கூடத்துக்குப் போங்க. 1851-ல் அந்த மியூசியம் ஆரம்பிச்சதே 1,100 கற்களோடதான். அங்கே யூவி அடிக்க முடியாதுதான். ஆனா மின்னாத கல் முன்னாடியும் ஒரு நிமிஷம் நின்னு பேர் படிச்சுப் பாருங்க.