15-ஆ? 50-ஆ? நர்சு காதில் விழுந்தது என்ன?

ராத்திரி 2 மணி. வார்டில் ஒரு சர்க்கரை நோயாளிக்கு சர்க்கரை எகிறிவிட்டது. நர்சு அவசரமாக டாக்டருக்கு போன் செய்கிறார்.

"இன்சுலின் பிப்டீன் யூனிட் போடும்மா" என்கிறார் டாக்டர். அதுவே "பிப்டி" என்று நர்சு காதில் விழுந்தால்...?

15 யூனிட் 50 யூனிட் ஆகிவிடும். சர்க்கரை மளமளவென்று இறங்கும். நோயாளிக்கு நினைவு தப்பும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம்.

டாக்டரும் கெட்டிக்காரர். நர்சும் கெட்டிக்காரர். ஆனால், நடுவில் பேச்சு இடறிவிட்டது!

திருப்பிச் சொல்!

இதைத் தடுக்க செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. கேட்டதை நர்சு உடனே எழுத வேண்டும். எழுதியதை டாக்டருக்கே வாசித்துக் காட்ட வேண்டும்.

"ஒன், பைவ். பதினைஞ்சு யூனிட். சரிதானே சார்?"

"சரி" என்று பதில் வந்த பிறகே ஊசியைத் தொட வேண்டும்.

"மறுபடி கேட்டால் பெரிய டாக்டர் திட்டுவாரோ?" என்ற பயம்தான் இதற்கு எதிரி. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இந்தப் பயம் அதிகம். அவர்களுக்கு வாயால் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. சீனியர் எதிரிலேயே செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் தியேட்டரில்...

உலக சுகாதார நிறுவனம் 2008-ம் ஆண்டு ஆபரேஷனுக்கு என்று 19 அம்சப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கத்தி வைக்கும் முன்பு தியேட்டரில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒரு தடவை வாய் திறந்தவர், தப்பு கண்ணில் பட்டால் மறுபடியும் வாய் திறப்பார் அல்லவா?

டெல்லி உள்பட 8 நகரங்களில் இதைச் சோதித்தார்கள். ஆயிரத்துக்கு 15 பேர் இறந்த நிலை மாறி, சாவு 8 ஆகக் குறைந்தது. இந்த விவரம் 2009-ல் வெளிவந்தது.

நீங்களும் சொல்லலாம்

"புரிஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு, எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி என்று குழம்புகிறோம்.

அங்கேயே ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள். "வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, மஞ்சள் சாப்பிட்ட பிறகு. சரிதானே டாக்டர்?"

அரை நிமிஷ வேலை. கூச்சப்பட்டால் கஷ்டம் உங்களுக்குத்தான்!