பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்! மகனின் முதல் காருக்கு அலைந்த குமாஸ்தா. மெக்கானிக் ஷெட்டில் கிடைத்த பாடம்

சென்னை எழும்பூரை ஒட்டி, கூவம் ஓரத்தில் இருக்கிறது புதுப்பேட்டை. பழைய கார் சாமான் வேண்டுமா? ஊரே இங்குதான் வரும். கதவு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், என்ஜின் ஒரு பக்கம் என்று அக்கு வேறு ஆணி வேறாகக் கிடக்கும்.

அந்தப் பக்கத்து மெக்கானிக் ஷெட் ஒன்றுக்கு ஒருநாள் மாலை அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பா தனியார் கம்பெனி குமாஸ்தா. மகன் பிளஸ்-2 முடித்தவன். 18 வயது நிறைய இன்னும் 4 மாதம் பாக்கி.

கூடவே புரோக்கர் ஒருவர், ஒரு காரோடு வந்து இறங்கினார். செக்கச் செவேல் பெயிண்ட். புது சீட் கவர். உள்ளே பாட்டு வேறு! விலை 1 லட்சத்து 40 ஆயிரம்.

"இதையே முடிச்சிடலாம்ப்பா" என்று மகன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

டிக்கியில் சேறு!

தலை நரைத்த மெக்கானிக் என்ஜின் பக்கமே போகவில்லை. "டிக்கியைத் திறங்க" என்றார். ஸ்டெப்னி டயரைத் தூக்கினார். அடியில் காய்ந்த சேறு! அடுத்து, சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவினார். உள்ளே சுருண்டிருந்த பாகம் முழுக்கப் பழுப்புக் கறை. சீட்டுக்கு அடியில் இருந்த இரும்புத் தண்டவாளம் துருப்பிடித்திருந்தது.

"சார், இது தண்ணியில நின்ன வண்டி" என்றார்.

புரோக்கர் பேச்சு மூச்சு இல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது எத்தனையோ கார்கள் மூழ்கின. அவற்றில் சில பெயிண்ட் அடித்துக்கொண்டு மறுபடி சந்தைக்கு வந்துவிடுகின்றன.

"என்ஜினை இறக்கிக் கழுவிடலாம். ஆனா ஒயரிங் உள்ளே பச்சை பூத்திடும். நடுரோட்டுல எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது" என்று மெக்கானிக் விளக்கினார்.

புகை சொல்லும் சேதி

பழைய காரைப் பார்ப்பது எப்படி? அவர் கூறியதாவது:-

"முதல்ல பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆற விட்டு, நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. நீலப் புகை வந்தா என்ஜின் ஆயில் குடிக்குது. கறுப்புப் புகைன்னா பெட்ரோல் அதிகமாப் போகுது. வெள்ளைப் புகை நிக்காம வந்தா, தண்ணி உள்ளே இறங்குதான்னு பார்க்கணும். ஆயில் ஊத்துற மூடியைத் திறங்க. உள்ளே வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தாலும் சந்தேகம்தான்.

பிரேக்கை அழுத்தி மனசுக்குள்ள முப்பது எண்ணுங்க. பெடல் மெல்ல மெல்ல இறங்கினா எங்கேயோ கசியுது. அந்த வண்டியை நகர்த்தவே கூடாது. டயர்ல நாலு நம்பர் இருக்கும். 2319-ன்னு இருந்தா 2019-ம் வருசம் 23-வது வாரம் செஞ்ச டயர். பட்டன் நல்லா இருக்கேன்னு பத்து வருசத்து டயரை நம்பாதீங்க."

மங்கிய வெள்ளைக் கார்

இரண்டு வாரம் அலைந்த பிறகு ஒரு கார் கிடைத்தது. 2009-ம் வருட மாருதி 800. மங்கிய வெள்ளை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வண்டி. ஒரே கை. விலை 65 ஆயிரம்.

மாருதி 800 சென்னையில் 2010 ஏப்ரலோடு விற்பனையை நிறுத்திக்கொண்டது. புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிதான் காரணம். 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. ஆனாலும் 796 சி.சி., 3 சிலிண்டர் என்ஜினைக் கழற்றி மாட்டத் தெரியாத மெக்கானிக் ஊரில் கிடையாது.

இந்தக் காரிலும் கோளாறு உண்டு. இடது கதவின் அடியில் துரு. சைலன்சரில் ஓட்டை. முன் பிரேக்கில் கிறீச் சத்தம். கிளட்ச் ஸ்லிப்.

"இதெல்லாம் வயசுக் கோளாறு சார், சரி பண்ணிடலாம். சரி பண்ண முடியாதது பேப்பர்தான். அதைப் பாருங்க" என்றார் மெக்கானிக்.

சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டிப் பரிசோதித்து, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு இந்தக் கட்டணம் 600 ரூபாயில் இருந்து 5 ஆயிரமாகியது. ஆசிரியர் 2024-லேயே புதுப்பித்து வைத்திருந்தார்.

சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார்கள். நம்பரைச் சுரண்டி வேறு நம்பர் அடித்திருந்தால், அது திருட்டு வண்டியாக இருக்கலாம். தெரிந்தே வாங்கினால் 3 ஆண்டு வரை ஜெயில். தெரியாமல் வாங்கினாலும் வண்டி போலீசுக்குப் போகும்; காசும் போய்விடும்.

விற்றவருக்கும் வம்பு

பெயர் மாற்றத்தில் ஆசிரியர்தான் அதிகக் கண்டிப்பு காட்டினார். 29, 30-ம் நம்பர் படிவங்களில் கையெழுத்துப் போடாமல் சாவியைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

காரணம் இருக்கிறது. ஒருவர் விற்ற கார் கை மாறிக் கை மாறிப் போனது. ரிஜிஸ்டரில் மட்டும் பழைய பெயரே நின்றது. அந்தக் கார் மோதி உயிர் போனது. நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் ரிஜிஸ்டரில் பெயர் உள்ளவரே என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது.

விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கார் அப்பாவின் பெயருக்கு மாறியது. இன்சூரன்சும் மாற்றப்பட்டது.

17 வயதுக்குச் சாவி கிடையாது!

"எங்க தெருவுக்குள்ள மட்டும் ஓட்டிப் பார்க்கறேன் அண்ணே" என்று கெஞ்சினான் மகன்.

"தம்பி, நீ ஓட்டினா உங்க அப்பா ஜெயிலுக்குப் போவார்" என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னது வெறும் மிரட்டல் அல்ல. 2019 செப்டம்பர் முதல் அமலில் இருக்கும் சட்டத் திருத்தப்படி, 18 வயது நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது.

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மெக்கானிக் ஒரு ஸ்பேனரை எடுத்துப் பையனிடம் நீட்டினார். "ஸ்டியரிங்குக்கு நாலு மாசம் இருக்கு. அது வரைக்கும் வண்டிக்கு அடியில படு!"

4 மாதப் பள்ளிக்கூடம்

ஞாயிற்றுக்கிழமை தோறும் பையன் ஷெட்டுக்கு வந்தான். முதல் நாளே ஆயில் மாற்றிவிட்டு, அடி போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டான். புது ஆயில் முழுக்கத் தரையில்! துடைத்ததும் அவனே. புது ஆயிலுக்குப் பணம் போனது அவன் உண்டியலில் இருந்து.

புதுப்பேட்டையில் பேரம் பேசி இடது கதவும், பக்கக் கண்ணாடியும், ஒரு ஹெட்லைட்டும் வாங்கினார்கள். ஆனால் பிரேக் பேட், பிரேக் ஓஸ், ஸ்டியரிங் பால் ஜாயிண்ட், டைமிங் பெல்ட் நான்கும் புதுசு. "உயிரைப் பிடிச்சு நிறுத்தற சாமானைப் பழசுல வாங்காதே" என்பது மெக்கானிக்கின் சட்டம். துருவை வெட்டி எடுத்துத் தகடு வைத்து ஒட்டினார்கள். வெறும் பட்டி வைத்துப் பூசவில்லை.

கையெல்லாம் கீறல், நகமெல்லாம் கிரீஸ். கிளட்ச் பிளேட் எப்படித் தேயும், பிரேக் ஏன் சூடாகும் என்பதெல்லாம் பையனுக்கு மனப்பாடம் ஆனது. வேகமாகப் போவதைப் பற்றிப் பேசுவதை அவன் மெல்ல நிறுத்திவிட்டதாக அப்பா சொல்கிறார்.

பிறந்த நாள் வந்தது. எல்.எல்.ஆர். எடுத்தான். 30 நாள் கழித்துத்தான் லைசென்சு டெஸ்ட். அதுவரை முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' போர்டு. பக்கத்தில் லைசென்சு உள்ளவர் உட்கார வேண்டும்.

முதல் நாள். அப்பா பக்கத்து சீட்டில் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். மெக்கானிக் ஜன்னல் ஓரம் குனிந்தார். "தம்பி, இதுல ஏர் பேக் கிடையாது. உன் காலுதான் ஏர் பேக். பிரேக்கை அழுத்து. எண்ணு."

பையன் அழுத்தினான். முப்பது எண்ணினான்.

"இறங்கல அண்ணே!"

"அப்பச் சரி. போயிட்டு வா."