பல் டாக்டரிடம் போகும்போது கண்ணைத் திறந்து வைத்திருப்போம்



பல் வலி வந்தால் நம்மில் பலரும் செய்வது ஒன்றுதான். கிராம்பை வைத்துக் கடிப்போம், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவோம், கன்னம் வீங்கிய பிறகு பக்கத்தில் எந்த கிளினிக் திறந்திருக்கிறதோ அங்கே ஓடுவோம். வலி தாங்காமல் நாற்காலியில் சாய்ந்த பிறகு அங்குள்ள கருவி சுத்தமானதா, தண்ணீர் சுத்தமானதா என்று யாரும் பார்ப்பதில்லை. டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்றும் நினைக்கிறோம். இந்தக் கூச்சம் எவ்வளவு ஆபத்தானது என்பதை நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு சம்பவம் காட்டுகிறது.

வாணியம்பாடியில் நடந்தது

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை, வட தமிழகத்தின் சில மாவட்டங்களில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் ஓர் அபூர்வமான கிருமித்தொற்று ஏற்பட்டது. காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், முக நரம்புகள் செயலிழப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். நோயின் பெயர் நியூரோமெலியாய்டோசிஸ். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், தமிழக பொதுசுகாதாரத் துறை ஆகியவற்றின் மருத்துவர்கள் சேர்ந்து காரணத்தைத் தேடினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குடன் தொடர்புடையவர்கள் என்று தெரியவந்தது. அந்த 10 பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர்தான். ஆய்வின் முடிவு 2025-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியானது.

காரணம் என்ன? வாயைக் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டில். ஈறை எலும்பிலிருந்து நெம்பும் கருவியாலேயே அந்த பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மீதி இருந்த சலைனைக் கொட்டாமல், வாயில் பஞ்சை வைத்து அடைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே ஊற்றியிருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த பாட்டிலில்தான் கிருமி கிடைத்தது. சாதாரண சலைனில் கிருமியைத் தடுக்கும் மருந்து எதுவும் கிடையாது. அது வெறும் உப்புத் தண்ணீர். ஒருமுறை திறந்து கிருமி உள்ளே போய்விட்டால் அங்கேயே பெருகும். பஞ்சு அதைத் தடுக்காது. பல் பிடுங்கிய பள்ளம் திறந்த புண். அதில் அந்தத் தண்ணீரை ஊற்றினால் கிருமிக்கு நாமே வாசல் திறந்துவிட்டது போலாகும்.

இந்தக் கிருமி எங்கிருந்தோ வந்ததல்ல. மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாக வாழ்வது. சர்க்கரை நோயாளிகளை இது எளிதில் பிடிக்கும். நம் வடமதுரையில் சர்க்கரை மாத்திரை போடாதவர் இல்லாத வீடு எத்தனை? ஒரு பாட்டில் சலைன் சில பத்து ரூபாய்தான். அந்தச் சிக்கனத்துக்கு எட்டுக் குடும்பங்கள் கொடுத்த விலையை எண்ணிப் பாருங்கள்.

நல்ல கிளினிக்கை எப்படி அறிவது?

இதைப் படித்துவிட்டு பல் டாக்டரிடம் போகவே பயப்படக் கூடாது. சொத்தைப் பல்லின் சீழை அப்படியே விட்டால் அதுவும் கழுத்துக்கும் இரத்தத்துக்கும் பரவி உயிரை வாங்கும். முறையாக நடத்தும் டாக்டர்களே அதிகம். அவர்களை அடையாளம் காண சில விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, பதிவு. பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். படித்து, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே பல் சிகிச்சை செய்யலாம். பல் செட் செய்து தருபவர் பல்லைப் பிடுங்கவோ ஊசி போடவோ சட்டத்தில் இடமில்லை. கிளினிக்குக்கும் 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, கருவிகள். வெந்நீரில் கொதிக்க வைப்பது போதாது. சில கிருமிகளின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. ஆட்டோகிளேவ் என்ற இயந்திரத்தில், அழுத்தமான நீராவியில், 121 டிகிரி வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். கருவிகளைக் கவரில் போட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். வெப்பம் பட்டால் அந்தக் கவரில் உள்ள பட்டையின் நிறம் மாறும். உங்கள் கண் முன்னால் கவரைப் பிரிக்கச் சொல்லுங்கள். பல்லைக் குடையும் கருவியையும் ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, கையும் ஊசியும். ஒவ்வொருவருக்கும் புதிய கையுறை, புதிய ஊசி, புதிய மருந்துக் குப்பி. அதே கையுறையோடு போனை எடுத்துப் பேசிவிட்டு வாயில் கை வைத்தால், மாற்றச் சொல்லத் தயங்காதீர்கள். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இரத்தத்தின் வழியாகப் பரவக்கூடியவை.

நான்காவது, சலைன். பல் எடுக்கும்போது, "புது பாட்டில்தானே டாக்டர்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும்.

ஐந்தாவது, உங்கள் பங்கு. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம், மருந்து ஒவ்வாமை, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் நம்மைக் கேட்கவில்லை என்றால் நாமே சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின் காய்ச்சல், கடும் தலைவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அண்மையில் பல் சிகிச்சை செய்ததையும் அங்கே சொல்லுங்கள்.

தனியார் கிளினிக்குக்கு வசதியில்லாதவர்கள் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். சந்தேகம் இருந்தால் 104 என்ற அரசின் உதவி எண்ணில் கேட்கலாம்.

எங்களுக்கும் இது பாடம்

சகோதரர்களே, இதை உங்களுக்கு மட்டும் எழுதவில்லை. பல் முகாம் நடத்தும்போது எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் நாங்களும் இதுவரை எண்ணினோம். எத்தனை செட் கருவிகள் இருந்தன என்று எண்ணவில்லை. நூறு பேர் வரிசையில் நிற்க, பத்து செட் கருவிகளைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தினால் அது தர்மமாகாது. எனவே இனி நமது முகாம்களில் பல் பரிசோதனையும் ஆலோசனையும் மட்டுமே. பல் எடுக்க வேண்டியவர்களைப் பதிவு பெற்ற மருத்துவமனைக்கு அனுப்பி, ஏழைகளுக்கு அந்தச் செலவை ஏற்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இதனால் முகாமில் பயன் பெறுவோர் எண்ணிக்கை குறையும். குறையட்டும். நீங்கள் தரும் சதக்கா எங்களிடம் உள்ள அமானிதம். அது ஒருவருக்கு நோயாக முடிந்தால் நாளை மறுமையில் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வாய்ச் சுத்தத்துக்கு நபி (ஸல்) அவர்கள் கொடுத்த முக்கியத்துவம் நமக்குத் தெரியும். மிஸ்வாக் நம் கையில் உள்ள சுன்னத். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்பதும் நபிமொழியின் கருத்துதான். ஆகவே கேள்வி கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல டாக்டர் அதை மகிழ்ந்து வரவேற்பார். கேட்டால் கோபப்படுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஆரோக்கியத்தையும், வாணியம்பாடியில் உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு ஆறுதலையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.