கணவாயின் நரம்பும் மனிதனின் மனமும்

திருகோணமலை என்றதும் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் கோயிலும், ஐரோப்பியக் கடற்படைகள் பல போட்டியிட்ட இயற்கைத் துறைமுகமும் நம் நினைவிற்கு வருகின்றன. அத்துறைமுகக் கரைக்கு மீனவர் வலை கொண்டுவந்து சேர்க்கும் இரு சிற்றுயிர்களை எண்ணிப் பார்ப்பவர் அரியர். ஒன்று கணவாய், மற்றொன்று பேத்தை. முன்னது கறிச்சட்டிக்குச் செல்வது. பின்னது நஞ்சென்று அஞ்சி வீசப்படுவது. மனிதன் எவ்வாறு உணர்கிறான், எவ்வாறு அசைகிறான், எவ்வாறு கற்கிறான் என்னும் பெருவினாக்களுக்கு விடை தேடிய அறிஞர்க்கு இவ்விரு இனங்களும் துணை நின்றன என்பது வியப்பன்றோ!

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன என்று கணக்கிட்டுள்ளனர். ஒவ்வொன்றும் மரம்போற் கிளைத்துச் செய்தி வாங்கும் இழைகளையும், செய்தியைக் கொண்டு செல்லும் நீண்ட நார் ஒன்றையும் உடையது. அந்நாரை அக்சன் என்பர். நரம்பு மண்டலம் முழுவதும் பின்னிப் பிணைந்த ஒரே வலை என்று இத்தாலியரான கொல்கி கருதினார்; தனித்தனிக் கலங்களின் கூட்டமே அது என்று ஸ்பானியரான கஹால் வாதித்தார். 1906ஆம் ஆண்டில் இருவர்க்கும் ஒருங்கே நோபெல் பரிசு கிட்டியது. எனினும், காலம் கஹாலின் பக்கமே தீர்ப்பளித்தது.

அக்சனுக்குள் ஓடும் செய்தி யாது? மனிதனின் அக்சன் மிக நுண்ணியது. அதனுள் கருவி நுழைத்துப் பார்ப்பது அக்காலத்தில் இயலாத காரியம். இங்கேதான் கணவாய் கைகொடுத்தது. பகைகண்டு அஞ்சிய கணவாய் தன் உடலைச் சுருக்கி நீரைப் பீச்சியடித்துப் பின்னோக்கிப் பாய்கிறது. அச்சுருக்கத்தை ஏவும் அக்சன் ஒரு மில்லிமீற்றர் வரை பருமனுடையது, வெறுங்கண்ணுக்கே தெரிவது. 1936இல் ஜே. இசெட். யங் என்பவர் இதன் சிறப்பை உலகறியச் செய்தார். 1939இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவரும் அதனுள் மின்வாய் ஒன்றைச் செலுத்தி அளந்தனர். சில வாரங்களில் உலகப் போர் மூண்டது, ஆராய்ச்சி நின்றது. ஒருவர் ராடார் ஆக்கத்திற்கும், மற்றவர் பீரங்கிக் குறி பற்றிய ஆய்வுக்கும் சென்றனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலையின்மீது யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் அதே போரிலேதான்.

போர் ஓய்ந்தபின் அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர். 1952இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். ஓய்ந்திருக்கும் அக்சனின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று எதிர்மின் தன்மை உடையது. தூண்டல் போதிய அளவை எட்டியதும் அக்சனின் சவ்வில் உள்ள வாயில்கள் திறக்கின்றன. சோடியம் அயன்கள் உட்புகுகின்றன. உட்புறம் நேர்மின் தன்மை அடைகிறது. உடனே பொற்றாசியம் வெளியேறிப் பழைய நிலையை மீட்கிறது. இவ்வலை அடுத்த பகுதியைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, செய்தி ஓடுகிறது. இதிற் பாதிச் செய்தி என்பது இல்லை: எழுந்தால் முழுமையாய் எழும், இன்றேல் எழவே எழாது.

சோடியம் செல்லும் வாயிலை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? பேத்தை மீன் அதற்கு விடை சொல்கிறது. அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு அவ்வாயிலையே அடைக்கிறது என்பதை 1964இல் நராஹாஷி என்னும் யப்பானிய அறிஞரும் அவர்தம் துணைவரும் காட்டினர். சமைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை. உண்டவனுக்கு முதலில் உதடும் நாவும் மரத்துப்போம். பின்னர்க் கைகால் ஓயும். முடிவில் மூச்சுத் தசைகளும் ஓயும். அந்நிலையிலும் அவன் நினைவோடிருத்தல் கூடும். சூழ நிற்போரின் அழுகையைக் கேட்டுக்கொண்டே அசைவற்றுக் கிடத்தல் கூடும். மாற்று மருந்து இல்லை. ஆயினும், நஞ்சு நீங்கும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்தால் உயிர் மீளும். அசைவில்லை என்பதால் உயிரில்லை என்று முடிவு கட்டலாகாது.

இனி, ஒரு கலத்தின் எல்லைக்கு வந்த செய்தி அடுத்ததற்குத் தாவுவது எவ்வாறு? இரண்டிற்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. இச்சந்திக்கு 1897இல் ஷெரிங்டன் சினாப்ஸ் என்று பெயர் சூட்டினார். 1921இல் ஒற்றோ லோவி இரு தவளை இதயங்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். நரம்பைத் தூண்டி ஓர் இதயத்தின் துடிப்பைத் தணித்து, அதனைச் சூழ்ந்த திரவத்தை மற்றதன்மேல் விட்டார், அதுவும் தணிந்தது. செய்தியைக் கடத்தியது ஓர் இரசாயனப் பொருள் என்பது புலனாயிற்று. அதுவே அசற்றைல்கோலின். ஏவலன் செய்தி சொன்னதும் அகல வேண்டுமன்றோ? அவ்வாறே இப்பொருளையும் ஒரு நொதியம் உடனே சிதைத்து அகற்றுகிறது.

தம்பலகாமம், கந்தளாய் வயல்களைப் போன்ற நெல்வயல்கள் நிறைந்த நம் நாட்டிற்கு இச்செய்தி மிக நெருக்கமானது. ஓகனோபொசுபரசு வகைப் பூச்சிகொல்லிகள் அந்நொதியத்தை முடக்குகின்றன. ஏவலர் சந்தியிலே குவிந்து குழப்பம் விளைவிக்கின்றனர். நஞ்சேறியவர் முதல் ஆபத்திலிருந்து தேறியபின், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்து மீண்டும் ஆபத்துக்குள்ளாவதுண்டு. இதனைத் தனியொரு நோய்நிலையாக 1987இல் உலகுக்கு எடுத்துரைத்தவர்கள் நிமால் சேனநாயக்க, லக்ஷ்மன் கறல்லியத்த என்னும் நம் நாட்டு மருத்துவ அறிஞர்களே. தேறிவிட்டார் என்று கண்ணயர்தல் ஆகாது, மூச்சைக் காத்து நிற்க வேண்டும் என்பதே அவ்வாராய்ச்சி தந்த பாடம்.

ஆசிரியர்க்கு உரிய செய்தி ஒன்றும் உண்டு. கடல்முயல் என்னும் ஓடில்லாக் கடல் நத்தை போன்ற உயிரினத்தை ஆராய்ந்த எரிக் காண்டெல், கற்றலின்போது சினாப்ஸ்களின் வலிமையே மாறுகிறது எனக் காட்டினார். 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். குறுகிய நினைவு இருக்கும் சந்தியை வலுப்படுத்துகிறது. நெடிய நினைவு புதிய சந்திகளையே வளர்க்கிறது. இடைவெளி விட்டுப் பலமுறை பயின்றதே நிலைக்கும் என்பதையும் அவ்வுயிரிற் கண்டனர்.

ஆகவே, ஒரே நாளில் பாடத்தைத் திணித்து, மறுநாள் மறந்த மாணவனை மந்தன் என்று கடிதல் முறையன்று. பொறுமையோடு மீண்டும் மீண்டும் கற்பிக்கும் ஆசிரியர், மாணவனின் மூளையிலே கண்ணுக்குத் தெரியாத புதிய பாலங்களைக் கட்டுகின்றார். அப்பணிக்கு நாட்கள் வேண்டும். அந்நாட்களை அவனுக்குத் தருவது நம் கடன்.