கோழிக்கூட்டுக்கு வந்த நரி

பிரட்டுக்குப் போகிற அவசரத்தில் கூட்டைத் திறந்தால் இரண்டு கோழிகளைக் காணவில்லை. கூட்டின் அடியில் மண் தோண்டிக் கிடக்கிறது. தேயிலைச் செடிகளுக்கிடையே இறகுகள். "நரிதான்" என்கிறது லயம். அன்று மாலையே ஒருவர் பழைய கம்பியைச் சுருக்காக்கிக் கானோரம் கட்டுகிறார். இன்னொருவர் கோழிக்குடலில் பூச்சிமருந்தைத் தடவி வைக்கிறார். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. கோழியை இழந்தவரின் கோபம் நியாயமானது. இரண்டு முட்டைக்கோழி என்பது ஒரு வீட்டின் கைச்செலவு. ஆனால் அந்தச் சுருக்கும் மருந்தும் நரியைவிட நம்மைத்தான் அதிகம் காயப்படுத்துகின்றன.

தொலைக்காட்சியில் வயல்வெளிகளில் ஓடும் செந்நரி இலங்கையில் கிடையாது. நம் மலைகளில் ஊளையிடுவது பொன்னிறக் குள்ளநரி. பெரும்பாலும் எட்டுப் பத்துக் கிலோவுக்கு மேல் போகாது. ஆணும் பெண்ணும் சோடியாக வாழும். எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர் மலைகளிலும், பலாங்கொடை, இறக்குவானைத் தேயிலையிலும் அதற்குத் தேவையானது பெருங்காடு அல்ல: பகலில் படுக்க ஒரு பற்றை, குட்டி போட ஒரு பொந்து, பக்கத்தில் ஓர் ஓடை. கைவிட்ட மலைகளில் மானாப்புல் ஆளுயரம் வளர்ந்துவிட்டால் அது நரிக்கு வீடு.

என்ன தின்கிறது? ஒருமுறை இறப்பர் மலைப் பாதையில், கல்லொன்றின் மேல் நரி இட்ட எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். எலிமயிர் பஞ்சு போலத் திரண்டிருந்தது. நடுவே நண்டோட்டுத் துண்டுகள், வண்டுச் சிறகு, கொய்யா விதைகள். இறகு ஒன்றுகூட இல்லை. எலி, தவளை, ஓணான், பூச்சி, விழுந்த பழம், செத்த மாடு என்று கிடைப்பதைத் தின்னும் பிராணி அது. திறந்து கிடக்கும் கோழிக்கூடும் அந்தக் "கிடைப்பதில்" ஒன்று. ஐரோப்பாவில் வாழும் இதே இனக் குள்ளநரிகள் ஆண்டுக்கு 13,000 தொன்னுக்கு மேல் விலங்குக் கழிவைத் தின்று தீர்ப்பதாகச் செர்பிய ஆய்வாளர்கள் 2016இல் கணக்கிட்டார்கள். அது எலி தின்பதும் நமக்கு முக்கியம்: எலிக்காய்ச்சல் அடிக்கடி தலைகாட்டும் மாவட்டங்கள் நம்முடையவை. 2008இல் மட்டும் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோருக்கு அந்நோய் சந்தேகிக்கப்பட்டு, 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நரி இருந்தால் எலிக்காய்ச்சல் வராது என்று நான் சொல்லவில்லை. எலி பிடிக்கும் பிராணியை நஞ்சிட்டுக் கொல்வதில் நமக்கு இலாபம் எதுவும் இல்லை என்கிறேன்.

சுருக்குக் கம்பிக்கு ஆள் தெரியாது. 2020 மே மாதக் கடைசியில் நல்லதண்ணிப் பக்கம், லக்ஷபானத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் செத்துப்போனது. சிறுத்தையும், ஓடையோரம் திரியும் மீன்பிடிப் பூனையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் காக்கப்பட்டவை. "பன்றிக்குத்தான் வைத்தேன்" என்ற சொல் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். கட்டுத்துப்பாக்கியும் திருட்டு மின்கம்பியும் இன்னும் மோசம்: விடியுமுன் பால் வெட்டப் போகிறவரின் காலும் அதே பாதையில்தான் நடக்கிறது. நஞ்சு வைத்த குடலை முதலில் தின்பது பெரும்பாலும் நம் வீட்டு நாய்தான்.

எங்கள் அம்மாயி ஊளை கேட்டதும் "கோழிய அடைச்சியாடி?" என்றுதான் கேட்பார். மருந்து அதுதான். இருட்டுமுன் அடைத்து, கூட்டைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குக் கம்பிவலையைப் புதையுங்கள். குடல், செத்த கன்று எதையும் கானில் எறியாமல் ஆழப் புதையுங்கள். பற்றை வளர்ந்த மலையைத் துப்புரவாக்கும்படி தோட்ட நிருவாகத்தைச் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள். சுருக்கில் விலங்கு கிடந்தால் கிட்டப் போகாமல் 1992க்கு அழையுங்கள். அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர எண். அரச அலுவலகத்தில் தமிழில் பேசவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. சபரகமுவவுக்கும் அது பொருந்தும்.

நரிமுகத்தில் முழித்தால் நல்லது என்பார்கள். நரிக்கொம்பு வைத்திருந்தால் வழக்கு வெல்லும் என்ற நம்பிக்கையை, இலங்கையில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1861லேயே எழுதிவைத்தார். இன்றும் நரிக்கொம்பு என்று எதையோ காட்டிக் காசு பறிப்பவர்கள் உண்டு. நரிக்குக் கொம்பு முளைப்பதில்லை. காசு கொடுக்காதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது விசர் நோய்க்கு. நம் நாட்டில் அதைப் பரப்புவது முதலில் நாய்தான். ஆனால் நரிக்கும் வரும். பட்டப்பகலில் லயத்துக்குள் வந்து, விரட்டினாலும் ஓடாமல் ஆளையோ மாட்டையோ கடிக்கும் நரியைச் சந்தேகியுங்கள். நாயைப் போல அதைக் கட்டிவைத்து 14 நாள் பார்க்க முடியாது. கடித்தாலும் பிறாண்டினாலும், புண்ணில் எச்சில் பட்டாலும் உடனே பீலித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். விஷகடி வைத்தியரிடம் ஒரு நாளை வீணாக்காமல் அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் வரும், இலவசமாக. தடுப்பூசிக்கும் பணமில்லை. நோய்க்குறி தெரிந்தபின் காப்பாற்ற முடியாத நோய் இது. 1973இல் 377 பேர் இறந்த நாட்டில், அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 40க்கும் குறைவானவர்களே இறக்கிறார்கள். நாய்களுக்கும் கடிபட்டவர்களுக்கும் போட்ட ஊசிதான் அதைச் செய்தது. உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுங்கள்; எங்கே, எப்போது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

கடிபட்டவருக்கு ஊசி ஒரே நாளில் முடிவதில்லை. திகதி குறித்த துண்டொன்றைத் தருவார்கள். முதல் ஊசியோடு புண் ஆறிவிட்டது என்று நின்றுவிடுகிறவர்கள் நம்மில் நிறைய. அடுத்த திகதி வேலைநாளில் விழும், அரைப்பேர் போகும் என்று தயங்குவதும் எனக்குத் தெரியும். துண்டைக் கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே காட்டிச் சொல்லிவையுங்கள். பேர் போனாலும் அந்த ஊசிக்குப் போய்விடுங்கள்.