கசிவைத் தேடாமல் வாயு நிரப்பலாமா?

கனகராயன்குளத்தினூடாக ஏ-9 வீதியில் ஓடும் பழைய பிக்கப் வாகனத்தின் குளிரூட்டி வெப்பக் காற்றை வீசினால், வாயு தீர்ந்துவிட்டதென்றே நாம் முடிவுகட்டுகின்றோம். ஆனால் அவ்வாயு எரிபொருளைப்போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிவருவது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகின்றது என்பதே பொருள்.

எனவே கம்பிரசர் இயங்குகின்றதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். பின்னர் மூட்டுக்களில் எண்ணெய்க் கறையைத் தேடி, நைதரசன் செலுத்தி, சவர்க்கார நீரால் சோதித்துக் கசிவை அடைக்கவேண்டும். வெற்றிடப் பம்பியால் காற்றையும் ஈரத்தையும் அகற்றிய பின்னரே, குறித்த நிறையளவில் வாயு நிரப்புதல் முறை.

1990களின் நடுப்பகுதிக்கு முந்திய வாகனங்கள் பெரும்பாலும் ஆர்-12 வாயுவுக்கானவை. ஓசோன் படையைச் சிதைக்கும் அவ்வாயு, 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் விலக்கப்பட்டது. மாற்றாக வந்த ஆர்-134ஏ, காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியை வெப்பமாக்கவல்லது. மலிவென்று சமையல் வாயுவை நிரப்புவதோ மடியில் நெருப்பைக் கட்டிக்கொள்வதாகும்.

கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயு நிரப்பினால், நமது பணமும் காற்றோடுதான் போகும்.